பட்டாளம் ஏறாத மலை

கொடைக்கானலில் பீர் காய்ச்சுவதற்கு வேண்டிய சகலமும் இருந்தது. ஏழாயிரம் அடி உயரம். சித்திரையிலும் கம்பளி கேட்கும் குளிர். பாறை இடுக்கெல்லாம் தண்ணீர். மதுரை வெயிலில் வெந்து சிவந்து, உயிர் பிழைத்தால் போதும் என்று மேலே ஓடிவந்த வெள்ளைக்காரர்கள். இவ்வளவும் இருந்தும் அவர்கள் பீர் ஆலையைக் கொண்டுபோய் வைத்தது நீலகிரியில். கொடைக்கானலுக்குக் கிடைத்தது சர்ச், பள்ளிக்கூடம், படகு, சூரியனைப் பார்க்க ஒரு தொலைநோக்கி.

ஊட்டிக்குப் பீர், கொடைக்குப் பிரசங்கம் என்று பாகம் பிரித்தது யார்? இதற்குப் பதில் தேடிப் போனால் லண்டன், பாஸ்டன், பெங்களூரு என்று ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருக்கிறது. வழியில் நாலைந்து கம்பெனிகள் கைமாறுகின்றன, ஒரு டீ பானை வருகிறது, ஒரு விமானம் வருகிறது. பீரும் தாராளமாகவே வருகிறது, கொடைக்கானலைத் தவிர மற்ற இடங்களுக்கு.

முதலில் ஒரு பழியைத் துடைத்துவிடலாம். நம் மலைகளுக்குக் குடியைச் சொல்லிக்கொடுத்தது வெள்ளைக்காரன் அல்ல. சங்கப் பாட்டில் குறிஞ்சி நிலத்து விருந்து என்றால் மூங்கில் குழாயில் ஊறி முற்றிய தேன் தேறல் வந்துவிடும். நெல்லில் வடித்ததற்குத் தோப்பி என்று பெயர். பீருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பழனி மலைப்பக்கம் அப்போது ஆண்டவர் வையாவிக் கோப்பெரும் பேகன். மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்து, போர்த்தியிருந்த போர்வையைக் கழற்றிக் கொடுத்து, கடையெழு வள்ளல்களில் ஒருவராகிவிட்டவர். அன்று மாலை அவர் பக்கத்தில் எத்தனை மூங்கில் குழாய் காலியாகக் கிடந்தது என்று புலவர்கள் எழுதவில்லை. பரிசில் வாங்க வந்தவர்கள் அதையெல்லாம் எழுதமாட்டார்கள். ஆனால் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு பெரிய மனிதர்கள் தனித்தனியாக வந்து, ‘பரிசு கிடக்கட்டும் ராஜா, முதலில் வீட்டுக்குப் போய் மனைவியைப் பாருங்கள்’ என்ற பொருளில் பாடியிருக்கிறார்கள். ஒரு மனிதனை வீட்டுக்கு அனுப்ப நாலு பேர் தேவைப்பட்டால், நம் தெருவில் அதற்கு என்ன அர்த்தம் சொல்வோம்?

பேகனை இங்கே விட்டுவிட்டு லண்டனுக்குப் போவோம்.

1752-இல் லண்டனின் கிழக்கே, போ என்ற பகுதியில், ஜார்ஜ் ஹாட்சன் என்பவர் பீர் காய்ச்ச ஆரம்பித்தார். கெட்டிக்காரக் கைப்பக்குவம் என்று யாரும் சொன்னதில்லை. அவருடைய அதிர்ஷ்டமெல்லாம் இடத்தில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் சரக்கு ஏற்றும் துறை கூப்பிடு தூரம். அந்தக் கப்பல் கேப்டன்களுக்குச் சொந்த வியாபாரம் செய்துகொள்ளக் கம்பெனி கொஞ்சம் இடம் ஒதுக்கியிருந்தது. ஹாம், சீஸ், தொப்பி, சாராயம், பீர் என்று ஏற்றிக்கொண்டு வந்து மதராஸிலும் கல்கத்தாவிலும் விற்பார்கள். அவர்களுக்கு ஹாட்சன் கொடுத்த சலுகை ஒன்றே ஒன்று: 18 மாதக் கடன். போய், விற்று, திரும்பி வந்து பணம் கொடுத்தால் போதும். உலகத்தில் எந்தப் பீருக்கும் இதைவிட நல்ல ருசி கிடையாது.

ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவை அள்ளிப் போட்டுக் காய்ச்சிய, பல மாதம் வைத்துக் குடிக்கிற பீர் அது. பீப்பாய்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, ஐந்தாறு மாதம் உருண்டு புரண்டு வரும். மதராஸில் அப்போது துறைமுகமும் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்க, கயிற்றால் தைத்த மசூலா படகில் பீப்பாயை இறக்கி, அலை தூக்கிப் போட்ட இடத்தில் கரை சேர்க்க வேண்டும். இத்தனை அடி உதை வாங்கிய பிறகு அந்தப் பீர் கெட்டிருக்க வேண்டும். கெடவில்லை. லண்டனில் இரண்டு வருஷம் நிலவறையில் கிடந்தால் வரும் பக்குவம் வழியிலேயே வந்துவிட்டது. இந்தியாவுக்கென்றே ஒரு மேதை உட்கார்ந்து கண்டுபிடித்த பானம் என்று பிற்காலத்தில் கதை கட்டிவிட்டார்கள். மேதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பக்கத்தில் துறைமுகம், கையில் கடன் நோட்டு, அவ்வளவுதான்.

ஜார்ஜுக்குப் பின்னால் வந்த வாரிசுகளுக்குப் பேராசை பிடித்தது. 1820-களில், ‘கேப்டன்கள் எதற்கு நடுவில்? நாமே கப்பல் ஏற்றுவோம், விலையைக் கூட்டுவோம், ரொக்கம் வைத்தால்தான் சரக்கு’ என்று கிளம்பினார்கள். ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று நம் பெட்டிக்கடைகளில் எழுதிவைத்திருக்கிறோமே, அது பாதி உண்மைதான். கொடுத்துப் பழக்கிவிட்டு நிறுத்தினால் அதைவிட வேகமாக முறியும். கடுப்பான கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களில் ஒருவரான காம்ப்பெல் மார்ஜோரிபாங்க்ஸ், 1822-இல் சாமுவேல் ஆல்ஸாப்பைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஆல்ஸாப், பர்ட்டன் என்ற ஊரில் பீர் காய்ச்சுபவர். ருஷ்யாவுக்கு விற்றுக்கொண்டிருந்தவர், அந்த வருஷம் ஜார் மன்னர் வரியை ஏற்றிவிட்டதால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதை நம் சந்தைப் பாஷைக்கு மாற்றினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“என்னய்யா, ருஷ்யாக்காரன் கைவிட்டுட்டானா?”

“ஆமாங்க. குடோன் முழுக்கச் சரக்கு கெடக்குது.”

“இந்தியாவுக்குப் போடேன். இந்தா, இது ஹாட்சன் சரக்கு. இதே மாதிரி காய்ச்சிக் குடு.”

ஆல்ஸாப் பாட்டிலோடு ஊருக்குப் போய், தன்னிடம் மால்ட் தயாரிக்கும் ஜாப் குட்ஹெட் என்பவரிடம் கொடுத்தார். இந்த நிறத்தில் மால்ட் செய்யலாம் என்று குட்ஹெட் சொல்லி, முதல் மாதிரியை ஒரு டீ பானையில் காய்ச்சிக் காட்டினார் என்பது அந்தத் தொழிலில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. பர்ட்டன் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் கலந்திருந்ததால் ஹாப்ஸின் கசப்பு இன்னும் துலக்கமாக இறங்கியது. பத்தே வருஷத்தில் ஆல்ஸாப்பும் அதே ஊர் பாஸ் கம்பெனியும் ஹாட்சனை இந்தியச் சந்தையில் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். பாஸின் சிவப்பு முக்கோணம் 1876-இல் பிரிட்டனின் முதல் பதிவு பெற்ற வணிகச் சின்னமானது.

சரி, கொடைக்கானலுக்கு ஏன் இவர்கள் யாரும் வரவில்லை? இங்கேதான் பாஸ்டன் நுழைகிறது.

பாஸ்டனிலிருந்து நம் ஊருக்கு இரண்டு சரக்கு ஏற்றுமதியானது. ஒன்று ஐஸ். ஃபிரெடரிக் டியூடர் என்ற ஆள் மாசசூசெட்ஸ் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி மதராஸ் கடற்கரைக்கு அனுப்பினார். அதை வைப்பதற்கு 1842-இல் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். இன்றைய விவேகானந்தர் இல்லம். மதராஸ் துரைமார்களின் பீரும் கிளாரெட்டும் அந்த ஐஸில்தான் குளிர்ந்தன.

இரண்டாவது சரக்கு பாதிரியார்கள். பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன் சபை யாழ்ப்பாணத்தில் வேரூன்றி, 1834-இல் மதுரைக்கு வந்தது. அதே பாஸ்டனில் 1826-இல் அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் பிறந்திருந்தது. மிஷனை நடத்திய அதே மதப்பிரிவின் போதகர்கள்தான் அதிலும் முன்வரிசையில் இருந்தார்கள். ஆரம்பத்தில் சாராய வகைகள் மட்டும் பாவம். பீர், ஒயின் பரவாயில்லை என்று விட்டுவைத்திருந்தார்கள். பத்து வருஷத்தில் மனம் மாறி, பீரையும் பாவக் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். ஆக ஒரே ஊர், குடியைக் குளிர்விக்க ஐஸும் அனுப்பியது, குடிக்காதே என்று சொல்ல ஆளும் அனுப்பியது. வியாபாரம் என்றால் இதுதான் வியாபாரம்.

மதுரை மிஷன்காரர்களுக்குக் காலராவும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன. குழந்தை குட்டிகளோடு பொட்டுப் பொட்டென்று போனார்கள். முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். கொசு அங்கேயும் விடவில்லை. பிறகு 1845-இல் பழனி மலையின் உச்சிக்கு ஏறி, சன்னிசைட், ஷெல்ட்டன் என்று இரண்டு பங்களா கட்டினார்கள். கொடைக்கானல் என்ற கோடை வாசஸ்தலத்துக்கு அஸ்திவாரம் இதுதான். ஊட்டியைக் கண்டுபிடித்தவர் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன். கொடையைக் குடியேற்றியவர்கள் பைபிளும் வெந்நீரும் வைத்திருந்தவர்கள். பாகப்பிரிவினை அன்றைக்கே எழுதியாகிவிட்டது; பத்திரப் பதிவு மட்டும்தான் பாக்கி.

கொடைக்கு இங்கிலீஷ்காரர்களே வரவில்லை என்று அர்த்தமில்லை. மதுரை கலெக்டர் சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் வந்தார். ஓடையை மறித்துக் கரை கட்டி, 1863-இல் இன்றைய ஏரியை உண்டாக்கினார். அதில் விட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார். தூத்துக்குடியிலிருந்து ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஒரு படகைத் தூக்கிச் செல்வது என்றால் அந்தப் படகைவிடத் தூக்கினவர்களைத்தான் முதலில் கும்பிட வேண்டும். அத்தனை தண்ணீரைப் பார்த்த எந்தப் பீர்க்காரருக்கும் ஆலை கட்டத் தோன்றியிருக்கும். லெவிஞ்சுக்குத் துடுப்புப் போடத் தோன்றியது. ஓய்வு பெற்ற பிறகு இங்கேயே தங்கி 1885-இல் இறந்தார். இரண்டு வருஷம் கழித்துக் கொடைக்கானல் கிளப் வந்தது. பாட்டிலில் வந்த பீரும் பிராந்தியும் அங்கே புழங்கின. பிரெஞ்சு ஜெசூட் பாதிரியார்கள் செண்பகனூரில் 1895-இல் கல்லூரி வைத்தார்கள். பூசைக்கு ஒயின் இல்லாமல் அவர்களுக்கு ஆகாது. ஆகவே மலை ஒன்றும் வறட்சியாகக் கிடக்கவில்லை. ஆனால் கிளப்பில் பத்துப் பேர், பீடத்தில் ஒரு கிண்ணம் என்ற கணக்கை நம்பி எந்த மடையனாவது ஆலை கட்டுவானா?

கொடையின் போக்கு எப்படி இருந்தது என்றால், ஹைக்ளெர்க் என்று ஒரு ஓட்டல் இருந்தது. 1901-இல் அதில் பள்ளிக்கூடம் வைத்துவிட்டார்கள். மிஷனரிப் பிள்ளைகளுக்கான அந்தப் பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். மற்ற மலைகளில் பள்ளிக்கூடத்தை மூடி ஓட்டல் வைப்பார்கள். சூரிய ஆய்வுக்கூடமும் அதே சமயத்தில் வந்தது. 1909-இல் ஜான் எவர்ஷெட் என்பவர் அங்கே உட்கார்ந்து, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி ஒரு புள்ளி லேசாக நகர்வதைப் பார்க்க எவ்வளவு நிதானம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஊட்டியில் இருந்திருந்தால் புள்ளி இரண்டாகத் தெரிந்திருக்கும்.

இனி ஊட்டி. அங்கே என்ன இருந்தது? பட்டாளம் இருந்தது.

வெள்ளைச் சிப்பாய்க்கு அந்தக் காலத்தில் தினப்படி சாராயம் அளந்து ஊற்றுவார்கள். சம்பளம் போல அதுவும் உரிமை. இங்கிலாந்திலிருந்து செலவு செய்து கொண்டுவந்த சிப்பாய் துப்பாக்கிக் குண்டில் சாவதற்கு முன்னால் வயிற்றுப்போக்கிலும் கல்லீரல் வீக்கத்திலும் செத்துக்கொண்டிருந்தான். 1857 கலகத்துக்குப் பிறகு வெள்ளைச் சிப்பாய்களின் தொகையைக் கூட்டினார்கள். செத்தால் நஷ்டமும் கூடுமே என்று கவலையும் வந்தது. இந்தியப் பட்டாளத்தின் சுகாதாரம் பற்றி 1863-இல் வந்த ராயல் கமிஷன் அறிக்கையும், அதையொட்டி ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் எழுதியதும் சாராயத்தைக் கிழிகிழி என்று கிழித்தன. சிப்பாய் குடிக்காமல் இருக்கமாட்டான்; ஆகவே சாராயத்துக்குப் பதில் பீர் கொடு. பீர் மருந்தானது இப்படித்தான். நீலகிரியில் ஜக்கதலாவில் 1852-இல் பாரக்ஸ் கட்ட ஆரம்பித்து, 1860-இல் வெலிங்டன் என்று பெயரும் வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் தாகம் கொண்ட ஆட்கள், பில் கொடுக்க சர்க்கார். இதைவிடப் பீர்க்காரருக்கு வேறு என்ன சொர்க்கம் வேண்டும்?

நீலகிரியின் காஸில் புரூவரி 1857-இல் பிறந்ததாகக் கம்பெனி வரலாறு சொல்கிறது. மலை எதற்கு என்றால், பீரில் சமாசாரமே சூட்டில் இருக்கிறது. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, அனலில் உலர்த்தினால் மால்ட். அதை அரைத்து வெந்நீரில் ஊறப்போட்டால் இனிப்பான கஞ்சித்தண்ணி. வடித்து, ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து ஈஸ்டைச் சேர்க்க வேண்டும். இது வரை எந்த ஊரிலும் செய்யலாம். அதன் பிறகு ஈஸ்ட் தன் வேலையை மெதுவாகச் செய்ய வேண்டும். இட்லி மாவு கரைக்கிறவர்களுக்கு இது தெரியும்: மதுரையில் ராத்திரி கரைத்தது விடிவதற்குள் பொங்கி வழிந்து புளித்துவிடும், கொடைக்கானலில் அதே மாவு மறுநாள் மத்தியானம் வரை வைத்த கோடு தாண்டாது. பீருக்கு வேண்டியது அந்தக் கொடைக்கானல் சோம்பல்தான். ஐஸ் மெஷின் வருவதற்கு முன்னால் அந்தச் சோம்பலை மலையில்தான் வாங்க முடியும். படுகர்கள் பார்லி விளைவித்தார்கள். ஹாப்ஸ் மட்டும் கப்பலில் வந்தது.

வடக்கேயும் இதே கதைதான். கசௌலி மலையில் எட்வர்ட் டயர் 1855-இல் ஆலை வைத்தார். அடுத்து மர்ரி மலையில் 1860-இல் ஒன்று வந்தது. டயருக்கு 1864-இல் மர்ரியில் ஒரு மகன் பிறந்தான். பெயர் ரெஜினால்ட். 1919-இல் ஜாலியன்வாலா பாக்கில் சுடச் சொன்னவன் அவன்தான். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சுதந்திரத்துக்குப் பின் நரேந்திர நாத் மோகன் அந்தக் கம்பெனியை வாங்கினார். 1967-இல் டயர் என்ற பெயரைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு மோகன் மீக்கின் என்றாக்கினார்கள். நல்ல காரியம். அந்த வீட்டுச் சரக்கான ஓல்டு மங்க் ரம்மைக் கொடைக்கானல் மார்கழிக் குளிரில் மருந்தென்று சொல்லிக் குடிப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1863-இலிருந்து எல்லாரும் மருந்துதான் குடிக்கிறார்கள்.

பட்டாளம் ஒரு பக்கம். வண்டிப் பாதை இன்னொரு பக்கம். தென்னிந்திய ஆலைகளின் பீர் பெரிய பெரிய பீப்பாய்களில், மாட்டுவண்டியில் பட்டாளங்களுக்குப் போனது. கொடைக்கானலுக்கு மாடே ஏற முடியாது. 1875 வாக்கில் ரயில் வந்த பிறகும், அம்மையநாயக்கனூரில் இறங்கி, இரவெல்லாம் மாட்டுவண்டியில் குலுங்கி, மலையடிவாரத்தில் கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்கு வந்து சேர வேண்டும். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் செங்குத்துப் பாதை. துரைசானி டோலியில், துரை மட்டக்குதிரையில், பியானோ முதல் பெட்டி படுக்கை வரை சுமைகூலிகள் தலையில். கிளப்புக்கு வந்த பாட்டில்களும் அந்த வழியைத் தவிர வேறு வழியில் வந்திருக்க முடியாது. நிரம்பிய பீப்பாயைத் தலையில் வைத்து ஏற எந்தச் சுமைகூலி ஒப்புவார்? ஆலை வைத்தால் மால்ட் மூட்டையும் செப்புக் கொப்பரையும் மேலே ஏற வேண்டும், பீப்பாய் கீழே இறங்க வேண்டும். இறங்கின பீப்பாய்க்குக் கீழே காத்திருக்க ஒரு ரெஜிமென்ட் வேண்டும். பெரியகுளத்தில் ரெஜிமென்ட் கிடையாது.

கடைசியில் மோட்டார் ரோடு போட்டார்கள். 1914-இல் ஆரம்பித்து 1916-இல் முடிந்தது. கொடைக்கானல் மேல் ஏறப் பாதை வெட்டிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில், பெங்களூருப் பக்கம் பீர் மலையிறங்கிவிட்டது. ஜெர்மானியரான லிண்டேயின் குளிர்பதன இயந்திரம் 1870-களிலேயே பீர் ஆலைகளுக்காக வந்தாகிவிட்டது. சோம்பலை மெஷினில் தயாரிக்க முடிந்தால் மலைக்கு யார் வாடகை கொடுப்பார்கள்? 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காஸில் புரூவரி, நீலகிரி புரூவரீஸ், பெங்களூரு புரூவிங் கம்பெனி, பிரிட்டிஷ் புரூவிங் கார்ப்பரேஷன், பிபிபி புரூவரி என்று ஐந்து கடைகளை ஒரே கல்லாவுக்குள் கொண்டுவந்து யுனைடெட் புரூவரீஸ் என்று பெயர் வைத்தார். கொடைக்கு ரோடு வந்தது. அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது.

அப்புறம் நம் ஆட்கள் வந்தார்கள். 1937 அக்டோபரில் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948 அக்டோபர் 2 முதல், ஓமந்தூரார் ஆட்சியில், மாகாணம் முழுவதும் வறண்டது. பாஸ்டன் பாதிரியார்கள் நூறு வருஷம் ஜெபித்தும் நடக்காததைக் காந்தி குல்லாய்கள் ஒரே சட்டத்தில் முடித்தார்கள். இனிமேல் குடிக்கப் பெர்மிட் வேண்டும். வெளிநாட்டவருக்குக் கிடைக்கும், உடம்புக்குத் தேவை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவர்களுக்கும் கிடைக்கும். கொடைக்கானலில் அப்போது இருந்த வெளிநாட்டவரில் கணிசமானவர்கள் மிஷனரிகள். பெர்மிட் வாங்கத் தகுதி உள்ளவர்களுக்குக் குடிப் பழக்கம் இல்லை, பழக்கம் உள்ளவர்களுக்குத் தகுதி இல்லை. சட்டம் போட்டவர்கள் கொடையை நினைத்துத்தான் போட்டிருப்பார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

சரியாக இந்த நேரம் பார்த்துத்தான், விட்டல் மல்லையா என்ற இருபது வயதைத் தாண்டிய இளைஞர் யுனைடெட் புரூவரீஸ் பங்குகளை வாங்கிக் குவித்தார். 1947-இல் கம்பெனியின் முதல் இந்திய இயக்குநர், அடுத்த வருஷம் தலைவர். நாடு முழுக்கக் கள்ளுக்கடையை மூடு என்கிறது, அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு மதுவிலக்கை லட்சியமாக எழுதி வைக்கப்போகிறது, இவர் பீர் கம்பெனி வாங்குகிறார். வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிற அவசரத்தில் விற்றதை அடிமாட்டு விலைக்கு வாங்கும் சூட்சுமம் அவருக்குத் தெரிந்திருந்தது. 1951-இல் மதராஸில் வேர்விட்ட மெக்டவல் கம்பெனியையும் சேர்த்துக்கொண்டார். பெங்களூரில் உட்கார்ந்திருந்ததால் மதராஸ் மாகாணத்துச் சட்டம் தலைக்கு மேலே போய்விட்டது. பெங்களூரில் அந்த ஆலை இருந்த இடத்தில் இன்று யூபி சிட்டி நிற்கிறது. பீப்பாய் உருண்ட தரையில் இப்போது பாரிஸ் கைப்பைகள்.

பர்ட்டன் பெரிய மனிதர்கள் என்ன ஆனார்கள்? ஆல்ஸாப் 1934-இல் இண்ட் கூப்புடன் கலந்து, பிறகு இன்னும் பெரிய கலவையில் கரைந்து காணாமல் போனது. பாஸ் ஊர்ப்பட்ட கம்பெனிகளை விழுங்கி, ஹாலிடே இன் ஓட்டல்களையும் வாங்கிப்போட்டது. 2000-இல் பீரை விற்றுவிட்டு ஓட்டலை வைத்துக்கொண்டது. இன்றைய இன்டர்கான்டினென்டல் ஓட்டல் குழுமத்தின் பூர்வீகம் அதுதான். கொடைக்கானல்காரர்கள் ஓட்டலைப் பள்ளிக்கூடமாக்கினார்கள். பர்ட்டன்காரர்கள் பீரை ஓட்டலாக்கினார்கள். அவரவர் ஊர் வாசி.

பெங்களூருக் கம்பெனி ஒருபடி மேலே போய்ப் பீரை விமானமாக்கியது. காஸில் புரூவரி காலத்துப் பெயரான கிங்ஃபிஷரைத் தூசி தட்டி 1978-இல் சந்தைக்கு விட்டார்கள். 1983-இல் அப்பா இறக்க, விஜய் மல்லையா பொறுப்பேற்றார். 2005-இல் அந்தப் பறவையை விமானத்தின் வாலில் ஒட்டிப் பறக்கவிட்டார். 2012-இல் அது தரையில் உட்கார்ந்துவிட்டது. வங்கிகள் கேட்ட பாக்கி 9,000 கோடி ரூபாய். 2016 மார்ச்சில் அவர் லண்டன் போய்ச் சேர்ந்தார். ஹாட்சன் கப்பல் கேப்டனுக்குக் கடன் கொடுத்து லண்டனிலிருந்து பீரை அனுப்பினார். இரு நூற்றாண்டு கழித்து நம் வங்கிகள் கடன் கொடுத்துப் பீர்க்காரரையே லண்டனுக்கு அனுப்பிவைத்தன. கணக்கு நேர். கம்பெனி மட்டும் சேதாரம் இல்லாமல் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் கட்டியதில் ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாஸில் பங்கு வாங்கியது. 2008-இல் அந்தப் பங்கு ஹாலந்தின் ஹெய்னகன் கைக்குப் போனது. 2021-இல் கம்பெனியின் கடிவாளமும் ஹெய்னகனிடமே.

கொடைக்கானலுக்கு ஒருவழியாகப் பீர் வந்தது, வெள்ளைக்காரன் தயவால் அல்ல. 1971-இல் கருணாநிதி திறந்தார், 1974-இல் மூடினார், 1981-இல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறைக் கடையையும் ஜெயலலிதா அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. நூற்றாண்டுக் கணக்காக எந்தக் கம்பெனியும் ஏறத் துணியாத மலைக்குக் கவர்மென்ட் ஏறிவிட்டது. இப்போது சீசனில் மதுரை, திண்டுக்கல், கொச்சி என்று பட்டாளம் பட்டாளமாக வருகிறார்கள். ரெஜிமென்ட் இல்லாத குறை தீர்ந்தது. மூக்கு நுனி விறைக்கும் குளிரில் குரங்குக் குல்லாய், ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர் சகிதம் வரிசையில் நின்று, கம்பிக்குள் கையை விட்டுக் கேட்கிறார்கள்:

“அண்ணே, பீர் கூலிங்கா இருக்கா?”

“வெளிய அஞ்சு நிமிஷம் புடிச்சிக்கிட்டு நில்லுப்பா, அதுவே கூலிங்தான்.”

“இல்லண்ணே, ஃப்ரிட்ஜ்ல வெச்சது.”

குடித்த பாட்டிலைக் காட்டில் வீசினார்கள். உடைந்த கண்ணாடி காட்டு மாட்டின் காலையும் யானையின் காலையும் கிழித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போக, 2022-இல் நீலகிரியில் ஒரு ஏற்பாடு வந்தது. பிறகு கொடைக்கானலுக்கும் வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்க வேண்டும். காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். அதாவது குடிப்பவர் கடைக்குக் கடன் கொடுக்கிறார். ஹாட்சன் கேட்டால் சமாதியில் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

இந்தக் கடனை வசூலிக்கவும் பலருக்குப் பொறுமை இல்லை. பில்லர் ராக்ஸ் பக்கம் பாதி இரவில் குடித்துவிட்டு, பாட்டிலைப் பைன் மரத்தடியில் நிறுத்திவைத்துவிட்டு, விடிவதற்குள் வத்தலக்குண்டு தாண்டிவிடுகிறார்கள். காலையில் கோணிப்பையோடு வருகிற பாட்டி ஒவ்வொன்றாக எடுத்து, ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துப் போட்டுக்கொள்கிறார். ஸ்டிக்கர் போனால் பத்து ரூபாயும் போச்சு; அந்தப் பாட்டிலுக்கு மட்டும் குடித்தவன் பரம்பரைக்கே வசவு விழுகிறது.